சிக்கிள் செல் கார்டுல "கேரியர்"னு வந்தா என்ன அர்த்தம்? நாலு கட்டத்துல மரபுக் கணக்கு

2023 ஜூலை 1-ம் தேதி மத்தியப் பிரதேசத்துல ஷாடோல்ங்கிற ஊர்ல தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி வச்சாங்க. சிக்கிள் செல்ங்கிறது சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற, பரம்பரையா வர்ற ரத்த நோய். 17 மாநிலம், அதுல தமிழ்நாடும் உண்டு. 40 வயசு வரைக்கும் உள்ள 7 கோடி பேருக்கு ரத்தப் பரிசோதனை, 2047-க்குள்ள ஒழிப்பு, இதான் இலக்கு. டெஸ்ட் எடுத்தவங்க கையில ஒரு கார்டு கொடுக்கிறாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேர் கார்டையும் ஒப்பிட்டுப் பாருங்கன்னு சொல்றாங்க. அங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது. கேரியர்னா வியாதிக்காரரா? 25 சதவீதம்னா நாலு பிள்ளைல ஒண்ணுக்கு நிச்சயம் வருமா? பொண்ணு வீட்டுப் பக்கம் யாருக்குமே இல்லையே, அப்புறம் எப்படி வந்துச்சு? சொந்தத்துல கட்டாம வெளிய கட்டினா சரியாப் போயிடுமா?

இது எல்லாத்துக்கும் பதில் பத்தாம் வகுப்புல படிச்ச மெண்டல் பாடத்துலயே இருக்கு, ஆனா பட்டாணிச் செடி நெட்டை குட்டைன்னு மார்க்குக்காகப் படிச்சதோட அது நின்னு போச்சு. அதனால அடியிலிருந்தே போவோம்.

எழுத்து ரெண்டு, ஆள் ஒண்ணு

ரத்தத்துக்கு சிவப்பு நிறம் கொடுக்கிறது ஹீமோகுளோபின். பெரியவங்க உடம்புல அது ரெண்டு ஆல்ஃபா சங்கிலி, ரெண்டு பீட்டா சங்கிலி சேந்தது. பீட்டா சங்கிலியைச் செய்யுற ஜீன் 11-வது குரோமோசோம்ல இருக்கு. குரோமோசோம் எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கிறதால, அந்த ஜீனும் ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு பிரதி இருக்கும், அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ஒரே ஜீனோட வேறவேற வடிவத்துக்குத்தான் அல்லீல்னு பேரு.

சாதாரண வடிவத்தை "ஏ"ன்னும், சிக்கிள் வடிவத்தை "எஸ்"ன்னும் வச்சுக்குவோம். ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னா, 146 அமினோ அமிலம் உள்ள சங்கிலியில ஆறாவது இடத்துல குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலா வேலின். அவ்வளவுதான். 1956-57ல வெர்னன் இங்கிராம் இதைக் கண்டுபிடிச்சாரு. அந்த ஒரு மாத்தத்தால ஆக்ஸிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நூலா நீண்டு, சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைச்சு விட்டுடும். வளைஞ்ச அணு சின்ன ரத்தக் குழாய்ல சிக்கி அடைக்கும், தாங்க முடியாத வலி வரும். சாதாரண சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும், இது 10-20 நாள்லயே உடைஞ்சு போயிடும், அதனால சோகை.

ரெண்டு எழுத்து, அதுல ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு பிரதின்னா மூணு விதமாத்தான் ஆள் இருக்க முடியும்:

1. ஏஏ: நோய் கிடையாது, கடத்தவும் முடியாது.
2. ஏஎஸ்: இவங்கதான் கேரியர். ஆங்கில ரிப்போர்ட்ல "சிக்கிள் செல் ட்ரெய்ட்"னு போட்டிருப்பாங்க. நோய் கிடையாது.
3. எஸ்எஸ்: சிக்கிள் செல் நோய்.

உள்ள இருக்கிற எழுத்து ஜோடிக்கு ஜீனோடைப்னு பேரு, வெளிய தெரியுற விளைவு பீனோடைப். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் கார்டைப் பாத்துப் பாதிப் பேர் பயப்படுறாங்க, மீதிப் பேர் "எனக்குத்தான் உடம்பு நல்லா இருக்கே"ன்னு அதைத் தூக்கிப் போட்டுடறாங்க.

கட்டம் போடுறது எப்படி

மெண்டல் பண்ணது என்னன்னு ரெண்டு வரியில முடிச்சுக்கலாம். இப்போ செக் நாட்டுல இருக்கிற பர்னோ ஊர்ல ஒரு மடத்துத் தோட்டத்துல 1856ல இருந்து 1863 வரைக்கும் பட்டாணியைக் கலந்து கலந்து எண்ணினாரு. உருண்டை விதையையும் சுருங்கின விதையையும் கலந்தா முதல் தலைமுறை மொத்தமும் உருண்டை, அதை மறுபடி தனக்குள்ளயே கலக்க விட்டா 5474 உருண்டை, 1850 சுருக்கம். கிட்டத்தட்ட 3-க்கு 1. காணாமப் போன சுருக்கம் அடுத்த தலைமுறையில அப்படியே முழுசாத் திரும்பி வந்துச்சுங்கிறதுதான் விஷயம், பண்பு கலங்கிக் கரைஞ்சு போகல, ஒளிஞ்சிருந்துச்சு. 1866ல அச்சுல வந்தது, 1900 வரைக்கும் பெருசா யாரும் கண்டுக்கல.

அப்புறம் கேம்பிரிட்ஜ்ல ரெஜினால்ட் புன்னட்னு ஒருத்தர் இந்தக் கணக்கைச் சுலபமாப் பாக்க ஒரு கட்டம் போட்டாரு, அதுதான் புன்னட் கட்டம். விந்தோ கருமுட்டையோ ஒரு எழுத்தைத்தான் எடுத்துட்டுப் போகும், எது போகும்ங்கிறது பாதிக்குப் பாதி. அப்பா தரக்கூடிய ரெண்டு எழுத்தை மேல எழுது, அம்மா தரக்கூடிய ரெண்டை பக்கத்துல எழுது, நடுவுல சேர்த்துப் போடு. ரெண்டு பேரும் கேரியரா இருந்தா:

| | அப்பா: ஏ | அப்பா: எஸ் |
|---|---|---|
| அம்மா: ஏ | ஏஏ | ஏஎஸ் |
| அம்மா: எஸ் | ஏஎஸ் | எஸ்எஸ் |

நாலுல ஒண்ணு ஏஏ, ரெண்டு ஏஎஸ், ஒண்ணு எஸ்எஸ். மொத்தமே ஆறு விதமான ஜோடிதான் சாத்தியம்:

1. ஏஏ + ஏஏ: எல்லாப் பிள்ளையும் ஏஏ.
2. ஏஏ + ஏஎஸ்: பாதி வாய்ப்பு ஏஏ, பாதி ஏஎஸ். நோய் வர வழியில்ல.
3. ஏஎஸ் + ஏஎஸ்: மேல பாத்தது, நோய் வர நாலுல ஒண்ணு.
4. ஏஎஸ் + எஸ்எஸ்: பாதி கேரியர், பாதி நோய்.
5. ஏஏ + எஸ்எஸ்: எல்லாப் பிள்ளையும் கேரியர், ஒண்ணுக்கும் நோய் வராது.
6. எஸ்எஸ் + எஸ்எஸ்: எல்லாருக்கும் நோய்.

அஞ்சாவதைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். நோய் உள்ள ஒருத்தர் ஏஏ ஆளைக் கட்டினா ஒரு பிள்ளைக்குக் கூட நோய் வராது. ஆனா ஊர்ல என்ன நடக்குதுன்னா நோய் இருக்கிறவங்களுக்குத்தான் கல்யாணம் தட்டிப் போகுது, நல்லா திடமா இருக்கிற ரெண்டு கேரியர் டெஸ்ட்டே எடுக்காம ஜாம் ஜாம்னு கட்டிக்கிறாங்க. பிள்ளையோட நோயைப் பொறுத்த வரைக்கும் ரிஸ்க் இந்தக் கேரியர்-கேரியர் ஜோடியிலதான். தனி ஆளைப் பாத்து இந்தக் கட்டம் எதுவுமே சொல்லாது, ஜோடியைப் பத்தி மட்டும்தான் அது பேசும். ஒரே ஒரு கார்டை வச்சுக்கிட்டு "இவங்களைக் கட்டலாமா கூடாதா"ன்னு கேக்குறதுல அர்த்தமே இல்ல.

இன்னொண்ணு, எஸ்எஸ் குழந்தை பிறந்தா மருமகள் வீட்டு ரத்தம் சரியில்லன்னு பேசுறது. எஸ்எஸ் வரணும்னா ஆளுக்கு ஒரு எஸ் கொடுத்தே ஆகணும். மகன்கிட்ட இருந்து ஒண்ணு வராம அந்தக் குழந்தைக்கு நோய் வந்திருக்கவே முடியாது. அந்த எஸ் மகனுக்கும் பெத்தவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்துதான் வந்திருக்கும்.

"நாலுல ஒண்ணு"ங்கிறதை எப்படிப் படிக்கணும்

ரொம்பப் பேர் தப்பாப் படிக்கிற இடம் இதுதான். நாலு கட்டம் இருக்கிறதால நாலு பிள்ளைன்னு மனசுல பதிஞ்சு போகுது. கட்டம் ஒவ்வொண்ணும் ஒரு குழந்தை இல்ல, ஒரே குழந்தைக்கு இருக்கிற நாலு வாய்ப்பு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கட்டத்தை முதல்ல இருந்து போடணும். காசு சுண்டும்போது போன தடவை தலை விழுந்ததை காசு ஞாபகம் வச்சுக்கிறதில்லல, அது மாதிரிதான்.

ரெண்டு பேரும் கேரியர்னு வச்சு எண்ணிப் பாப்போம்:

1. ரெண்டு பிள்ளை பெத்தா ரெண்டுக்கும் நோய் இல்லாம இருக்க வாய்ப்பு: முக்கால் பெருக்கல் முக்கால், 16ல 9. அதாவது 56 சதவீதம்.
2. அப்போ ரெண்டுல ஒண்ணுக்காவது நோய் வர வாய்ப்பு 16ல 7, கிட்டத்தட்ட 44 சதவீதம். 25 இல்ல!
3. நாலு பிள்ளை பெத்தா நாலுமே தப்பிக்க வாய்ப்பு 256ல 81, சுமார் 32 சதவீதம்.
4. நாலு பிள்ளைல சரியா ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் நோய் வர வாய்ப்பு 64ல 27, சுமார் 42 சதவீதம். எல்லாரும் நிச்சயம்னு நினைக்கிற "நாலுக்கு ஒண்ணு" பாதித் தடவை கூட நடக்காது.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்ல. முதல் குழந்தைக்கு நோய் வந்தவங்க "நம்ம பங்கு முடிஞ்சுது, அடுத்தது நல்லாப் பிறக்கும்"னு டெஸ்ட் எடுக்காம விடுறாங்க, அடுத்ததுக்கும் அதே 25 சதவீதம்தான். அதே மாதிரி முதல் ரெண்டும் நல்லாப் பிறந்தவங்க "டாக்டர் சும்மா பயமுறுத்தினாரு"ன்னு நினைக்கிறாங்க. 16ல 9 தடவை அப்படித்தான் நடக்கும், மூணாவதுக்கும் ரிஸ்க் ஒரு பைசா குறையல.

பட்டாணியில 3-க்கு 1 பளிச்சுன்னு தெரிஞ்சதுக்குக் காரணம் மெண்டல் ஆயிரக்கணக்குல எண்ணினாரு, நம்ம வீட்டுல ரெண்டு பிள்ளைதான்.

இதுல ஒரு படி மேல போய் இன்னொரு கணக்கு. ஒரு வீட்டுல தம்பிக்கு நோய், அண்ணன் ஆரோக்கியமா இருக்கான், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் நோய் இல்ல. அண்ணன் கேரியரா இருக்க வாய்ப்பு எவ்வளவு? பாதின்னு சட்டுனு சொல்லத் தோணும். தப்பு. அவனுக்கு நோய் இல்லன்னு ஏற்கெனவே தெரியும், அதனால எஸ்எஸ் கட்டத்தை அடிச்சுடணும். மீதி மூணு கட்டம், அதுல ரெண்டு ஏஎஸ். ஆக மூணுல ரெண்டு. நோயாளியோட அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாரையும் முதல்ல கூப்பிட்டு டெஸ்ட் பண்ணச் சொல்றதுக்குக் காரணம் இதுதான். அந்த அண்ணன் டெஸ்ட் எடுக்காமயே ஒரு கேரியர் பொண்ணைக் கட்டினா பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு மூணுல ரெண்டு பெருக்கல் நாலுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு. டெஸ்ட் எடுத்தா இந்த ஆறுல ஒண்ணு ஒண்ணுமில்லாமலும் போகலாம், நாலுல ஒண்ணாவும் ஆகலாம்.

ஓங்கு, ஒடுங்குங்கிறது ஜீனோட குணமா?

பாடப் புத்தகத்துல ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்புன்னு படிச்சிருப்போம், டாமினன்ட், ரிசெஸிவ். ஓங்குன்னா பலசாலி, ஊர்ல அதுதான் அதிகமா இருக்கும்னு ஒரு நினைப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்படி எதுவும் கிடையாது, ரெண்டு வேற எழுத்து ஒரே ஆள்கிட்ட இருந்தா எதோட விளைவு வெளிய தெரியுதுங்கிறதை மட்டும்தான் அது சொல்லுது.

எஸ் எழுத்தையே எடுத்துக்குங்க. நோயைப் பாத்தா அது ஒடுங்கு, ஏன்னா ஏஎஸ் ஆளுக்கு நோய் இல்ல. ஹீமோகுளோபினை நேரடியா அளந்தா ரெண்டுமே இணை, ஏஎஸ் ஆளோட ரத்தத்துல எஸ் வகை சுமார் 35-40 சதவீதம் இருக்கும், மீதி பெரும்பாலும் ஏ. மலேரியாவை வச்சுப் பாத்தாலோ மூணு பேர்ல ஏஎஸ் ஆள்தான் நல்ல நிலைமையில இருக்காரு, கொல்லுற வகை ஃபால்சிபாரம் மலேரியா அவரை அவ்வளவு சுலபமாச் சாய்க்காது. கிழக்கு ஆப்பிரிக்காவுல ஆண்டனி அலிசன் 1954ல இதைக் காட்டினாரு. மலேரியா காட்டுக்குள்ள தலைமுறை தலைமுறையா வாழ்ந்த மக்கள்கிட்ட எஸ் ஏன் இவ்வளவு பரவியிருக்குன்னா அதுக்கு இதுதான் பதில். இந்தியாவுல இந்த எழுத்து இருக்குன்னு முதல்ல தெரிய வந்தது 1952ல, லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் நம்ம நீலகிரிப் பழங்குடி மக்களோட ரத்தத்தைப் பரிசோதிச்சப்போ. அதே வருஷம் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள்கிட்டயும் பாத்தாங்க. இன்னிக்கும் நீலகிரி, வயநாடு பக்கம் பழங்குடி ஊர்கள்ல இது பெரிய விஷயம். அந்த மக்களோட குறைன்னு பேசுறவங்களுக்குச் சொல்லணும்னா, அவங்க பாட்டன் பூட்டனை மலேரியாவுல இருந்து காப்பாத்தின எழுத்து அது.

டெஸ்ட் என்ன சொல்லுது, என்ன சொல்லாது

கட்டம் சரியா வரணும்னா உள்ள போடுற எழுத்து சரியா இருக்கணும். முகாம்கள்ல முதல்ல பண்றது பெரும்பாலும் சாலுபிலிட்டி டெஸ்ட். விரல்ல குத்தி ஒரு துளி ரத்தத்தை டைத்தயோனைட் கரைசல் உள்ள சின்னக் குழாய்ல விட்டுக் கலக்கிக் கொஞ்ச நேரம் வைப்பாங்க, பின்னாடி கறுப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டையைப் பிடிப்பாங்க. கோடு குழாய் வழியாத் தெளிவாத் தெரிஞ்சா எஸ் இல்ல. கரைசல் கலங்கிப் போய் கோடு மறைஞ்சுட்டா எஸ் இருக்கு. சீப்பு, சட்டுனு முடியும், மலைமேல ஜீப்ல கொண்டு போயும் பண்ணலாம். ஆனா இதுல மூணு ஓட்டை:

1. கலங்குச்சுன்னா ஏஎஸ்ஸா எஸ்எஸ்ஸான்னு பிரிச்சுச் சொல்லாது. கட்டத்துல ரெண்டும் எவ்வளவு வேற வேறன்னு இப்போதான் பாத்தோம்.
2. பிறந்த குழந்தை ரத்தத்துல கரு காலத்து ஹீமோகுளோபின்தான் நிறைய, எஸ் கொஞ்சமாத்தான் இருக்கும். அதனால ஆறு மாசத்துக்குள்ள இதை நம்ப முடியாது.
3. தலசீமியாவைப் பிடிக்கவே பிடிக்காது.

மூணாவதுதான் ஆபத்து. பீட்டா தலசீமியாங்கிறது அதே ஜீன்ல வேற ஒரு பழுது, பீட்டா சங்கிலி சரியா உற்பத்தி ஆகாது, இல்ல சுத்தமாவே ஆகாது. அதுக்கு "தா"ன்னு ஒரு எழுத்து வைப்போம். அப்பா ஏஎஸ், அம்மா ஏ-தா. அம்மாவோட சாலுபிலிட்டி டெஸ்ட் தெளிவா வந்துடும், "நெகட்டிவ்"னு எழுதிடுவாங்க, நம்ம பட்டியல்ல ரெண்டாவது ஜோடின்னு நினைச்சு நிம்மதியாப் போயிடுவாங்க. ஆனா நிஜக் கட்டம் இப்படி:

| | அப்பா: ஏ | அப்பா: எஸ் |
|---|---|---|
| அம்மா: ஏ | ஏஏ | ஏஎஸ் |
| அம்மா: தா | ஏ-தா | எஸ்-தா |

கடைசிக் கட்டத்துல இருக்கிற எஸ்-தா குழந்தைக்கு நல்ல ஏ பிரதி ஒண்ணு கூட இல்ல. அதுவும் சிக்கிள் செல் நோய்தான், தலசீமியா பீட்டா சங்கிலியைச் சுத்தமா நிறுத்துற வகையா இருந்தா எஸ்எஸ் அளவுக்கே கடுமையா இருக்கும். அதனால ஒருத்தர் கேரியர்னு வந்துட்டா ஜோடியில இன்னொருத்தருக்கு எச்பிஎல்சிங்கிற, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சு அளக்குற டெஸ்ட் எடுத்தே பாக்கணும். அந்த ரிப்போர்ட்ல ஏ எவ்வளவு, எஸ் எவ்வளவு, ஏ2ங்கிற இன்னொரு ஹீமோகுளோபின் வகை எவ்வளவுன்னு சதவீதத்துல வரும், ஏ2 வழக்கத்தை விடக் கூடியிருந்தா தலசீமியா கேரியரான்னு டாக்டர் பாப்பாரு. இன்னொரு விஷயம், சமீபத்துல ரத்தம் ஏத்தியிருந்தா கொடுத்தவரோட ஏ வகை கலந்து ரிப்போர்ட் ஏமாத்தும், அதை லேப்ல முன்கூட்டியே சொல்லிடணும்.

சொந்தத்துல கட்டுறது

தமிழ்நாட்டுல இது இல்லாம மரபுப் பேச்சே முடியாது. தாய் மாமன், அத்தை மகன், மாமன் மகள், எல்லாம் முறைதான். கட்டத்துக்கு முறை தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும்.

அபூர்வமான ஒரு ஒடுங்கு நோயை எடுத்துக்குவோம், ஊர்ல 200 பேர்ல ஒருத்தர் கேரியர்னு சும்மா ஒரு கணக்குக்கு வைப்போம். மாப்பிள்ளை கேரியர்.

1. சொந்தமே இல்லாத பொண்ணு: அவ கேரியரா இருக்க 200ல 1, பிள்ளைக்கு நோய் வர 800ல 1.
2. அத்தை மகளோ மாமன் மகளோ: ஒரே தாத்தா பாட்டி வழியா அதே எழுத்து வந்திருக்க 8ல 1, பிள்ளைக்கு 32ல 1.
3. அக்கா மகள்: எழுத்து அவர் அப்பா அம்மாகிட்ட இருந்து வந்தது, அக்காவுக்கும் போயிருக்க பாதி, அக்கா மகளுக்குக் கை மாற அதுல பாதி, 4ல 1. பிள்ளைக்கு 16ல 1.

800ல ஒண்ணு எங்க, 16ல ஒண்ணு எங்க. சொந்தத்துல கட்டினா குறையோட பிறக்கும்னு டாக்டருங்க எச்சரிக்கிறது இதை வச்சுத்தான். அதே சமயம் இந்த மாப்பிள்ளை கேரியரே இல்லன்னா அந்த நோயைப் பொறுத்தவரை மூணு வரியுமே பூஜ்யம்.

இப்போ சிக்கிளுக்கு வருவோம், இங்க கதை மாறுது. ஒரு சின்னச் சமூகத்துல அஞ்சுல ஒருத்தர் கேரியர்னு வச்சுக்குங்க. அந்தச் சமூகத்துக்குள்ளயே சொந்தம் இல்லாத ஆளாப் பாத்துக் கட்டினாலும் எதிராளி கேரியரா இருக்க அஞ்சுல ஒண்ணு, அதுவே 8ல ஒண்ணை விட அதிகம். ஆகவே "நாங்க சொந்தத்துல கட்டலையே"ங்கிறது இங்க தப்பிக்கிற வழி இல்ல. எழுத்து அரிதா இருக்கிற இடத்துலதான் சொந்தம் பெரிய வித்தியாசம் பண்ணும், எழுத்து மலிஞ்சு கிடக்கிற இடத்துல டெஸ்ட் மட்டும்தான் பதில் சொல்லும்.

ரத்த குரூப்பை இதோட சேக்காதீங்க

ஒரே ரத்த குரூப்ல கட்டினா பிள்ளைக்குக் குறை வரும்னு ஒரு நம்பிக்கை ஓடிக்கிட்டே இருக்கு. ஆதாரம் கிடையாது. ஏபிஓ ஜீன் 9-வது குரோமோசோம்ல, சிக்கிள் ஜீன் 11ல, ரெண்டும் தனித்தனியாக் கை மாறும். குரூப்ல கவனிக்க வேண்டியது அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ்ங்கிற ஒரு ஜோடியை, அதுக்கும் ஆன்டி-டி ஊசி இருக்கு. கார்டுல "ஏ"ன்னு ஹீமோகுளோபின் வகையைப் பாத்துட்டு "எனக்கு ஓ பாசிட்டிவ் ஆச்சே"ன்னு குழம்புறவங்களுக்கு: அது வேற ஏ, இது வேற ஏ.

கட்டம் எங்க வேலை செய்யாது

ஒரு ஜீன், தெளிவான விளைவு, இந்த ரெண்டும் இருந்தாத்தான் நாலு கட்டம் சரியா ஓடும். உயரம், தோல் நிறம், சுகர், பிபி எல்லாம் ஏகப்பட்ட ஜீன்களும் சாப்பாடும் வாழ்க்கையும் சேந்து வர்றது. நாக்கைச் சுருட்டுறது ஓங்கு பண்புன்னு இன்னும் ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கிறாங்க, ஒரே கருவுல பிறந்த இரட்டையர்ல ஒருத்தரால முடியுது இன்னொருத்தரால முடியலன்னு 1952லயே காட்டியாச்சு. புன்னட்டே தன் சகாக்களோட சேந்து பட்டாணிப் பூச்செடியில ரெண்டு பண்பைக் கலந்து பாத்தப்போ ரெண்டும் தனித்தனியாக் கை மாறினா வரும்னு மெண்டல் சொன்ன 9:3:3:1 விகிதம் வரல, ரெண்டு ஜீனும் ஒரே குரோமோசோம்ல பக்கத்துப் பக்கத்துல இருந்ததால சேந்தே போச்சுன்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

சிக்கிள்லயும் கட்டம் எஸ்எஸ்னு சொல்லுமே தவிர எவ்வளவு கடுமையா வரும்னு சொல்லாது. இந்தியாவுல பரவலா இருக்கிற அரபு-இந்திய வகை எஸ் உள்ளவங்க ரத்தத்துல கரு காலத்து ஹீமோகுளோபின் பெரியவங்களான பிறகும் கொஞ்சம் கூடுதலா நீடிக்கும், அது சிவப்பணு வளையறதைக் குறைக்கும். அதனால நிறையப் பேருக்கு ஆப்பிரிக்க நோயாளிகளை விட மிதமா இருக்கு, ஆனா எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை பண்றதும் முக்கியமா இதே வேலைதான், அந்தப் பழைய ஹீமோகுளோபினைக் கூட்டிவிடுறது.

"ஒழிப்பு"ன்னா எதை ஒழிக்கிறது?

ஒரு சமூகத்துல மொத்தப் பிரதிகள்ல பத்துல ஒண்ணு எஸ்னு வச்சு 100 பேரை எண்ணுங்க. கல்யாணம் தற்செயலா நடந்தா சுமார் 81 பேர் ஏஏ, 18 பேர் ஏஎஸ், ஒருத்தர் எஸ்எஸ். மொத்தம் 20 எஸ் பிரதி, அதுல 18 ஆரோக்கியமான கேரியர்கள்கிட்ட, நோயாளிகிட்ட ரெண்டே ரெண்டு. கேரியர் எல்லாரும் ஏஏ ஆளையே கட்டினா எஸ்எஸ் குழந்தை பிறக்கிறது நின்னுடும், எஸ் எழுத்து மட்டும் அப்படியே இருக்கும், பிள்ளைங்க பாதிப் பேருக்குக் கேரியரா வந்துக்கிட்டே இருக்கும். ஆக 2047ல ஒழிக்க முடியும்னா அது நோயோட பிறக்கிற குழந்தைகளைக் குறைக்கிறதுதான், எழுத்தை இல்ல. ஒரு தலைமுறை டெஸ்ட் எடுத்துட்டு முடிஞ்சுதுன்னு முகாமை மூடினா அடுத்த தலைமுறையில அதே நாலு கட்டம் திரும்ப வரும்.

கார்டை ஒப்பிட்டுக் கல்யாணத்தைத் தவிர்க்கச் சொல்றது எந்த அளவுக்கு எடுபடும்ங்கிறதுக்குப் பழைய அனுபவம் இருக்கு. கிரேக்க நாட்டுல ஓர்கோமெனோஸ்னு ஒரு ஊர், எஸ் கேரியர் நிறைய. 1960கள், 70கள்ல ஊர் முழுக்க டெஸ்ட் பண்ணி ஆலோசனையும் சொன்னாங்க. நடந்தது என்னன்னா கேரியர்னு தெரிஞ்சவங்களை ஊர் ஒதுக்க ஆரம்பிச்சது, அவங்க விஷயத்தை மறைச்சாங்க, கேரியரும் கேரியரும் கட்டிக்கிறது எதிர்பார்த்த அளவுக்குக் குறையவே இல்ல. அமெரிக்காவுல 1970கள்ல நோயே இல்லாத கேரியர்களுக்கு வேலையும் இன்ஷூரன்ஸும் மறுத்தாங்க, விமானப்படை அகாடமியில 1981 வரைக்கும் சேக்கவே இல்ல. சைப்ரஸ்ல தலசீமியாவுக்கு வேற வழி போனாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி சர்ச் கேக்குற சான்றிதழோட டெஸ்ட்டும் சேந்தது, ரெண்டு பேரும் கேரியர்னு தெரிஞ்ச ஜோடிகள் பெரும்பாலும் பிரியல, கட்டிக்கிட்டுக் கர்ப்பத்துல பரிசோதனை பண்ணிக்கிட்டாங்க, நோயோட பிறக்கிற குழந்தை அடியோட குறைஞ்சுது.

அதனால ரெண்டு கார்டும் ஏஎஸ்னு வந்தா முன்னாடி இருக்கிற வழி ஒண்ணு மட்டும் இல்ல:

1. கல்யாணத்தை விடுறது. அது அவங்க ரெண்டு பேரோட முடிவு, முகாம் நடத்துறவங்களோடது இல்ல.
2. கட்டிக்கிட்டு, கர்ப்பத்தோட சுமார் 11-13 வாரத்துல நஞ்சுக்கொடித் திசுவோ, 15 வாரத்துக்கு அப்புறம் பனிக்குட நீரோ எடுத்துக் கருவோட எழுத்தைப் பாக்குறது. ஆணா பெண்ணான்னு பாக்கத் தடை போட்ட 1994 சட்டமே ஹீமோகுளோபின் நோய்களுக்காக இந்தச் சோதனையை அனுமதிக்குது. வசதி பெரிய ஊர்கள்லதான், அதனால கர்ப்பம்னு தெரிஞ்ச வாரமே கிளம்பணும்.
3. ஐவிஎஃப்ல கருவைச் சோதிச்சு வைக்கிறது, செலவு அதிகம்.
4. எந்தச் சோதனையும் வேண்டாம்னா குழந்தை பிறந்ததுமே சாலுபிலிட்டிக்குக் காத்திருக்காம எச்பிஎல்சி மாதிரி டெஸ்ட் எடுத்து, எஸ்எஸ்னா ரெண்டாவது மாசத்துல இருந்தே பென்சிலின், நேரத்துக்குத் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்ற வயசுல ஹைட்ராக்ஸியூரியான்னு ஆரம்பிக்கிறது. இந்தச் சின்ன வயசுப் பராமரிப்பு ரொம்பக் குழந்தைகளைக் காப்பாத்தியிருக்கு.

2023 கடைசியில பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் ஜீனையே திருத்துற சிகிச்சைக்கு அனுமதி கிடைச்சுது, விலை கோடிக்கணக்குல. அதுல ரத்தம் உண்டாக்குற ஸ்டெம் செல்லைத்தான் திருத்துறாங்க, விந்தும் கருமுட்டையும் பழைய எழுத்தோடதான் இருக்கும். அப்படிக் குணமான எஸ்எஸ் ஆளுக்குக் கல்யாணத்தப்போ கட்டம் போட்டாலும் எஸ்எஸ்னே போடணும்.